தடம் தொடரும் வினை: ‘ஸ்லூத்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருளும் பிறப்பும்

மர்மங்களைத் துலக்குவதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொற்களுள் ‘இன்வெஸ்டிகேட்’, ‘டிடெக்ட்’, ‘சால்வ்’ ஆகியவை பள்ளிப் பாடங்களிலேயே நமக்கு அறிமுகமாகிவிடுகின்றன. ‘ஸ்லூத்’ என்னும் சொல் அப்படி எளிதில் கண்ணில் படுவதில்லை. துப்பறியும் கதைகளை ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கியவர்களும், ஆங்கில நாளிதழ்த் தலைப்புகளைக் கூர்ந்து கவனிப்பவர்களும்தான் அதை எதிர்கொள்கிறார்கள். அவர்களும்கூடப் பெரும்பாலும் அதைத் துப்பறிபவர் என்ற பொருள் தரும் பெயர்ச்சொல்லாகவே காண்கிறார்கள். வினைச்சொல்லாக அது வருவது குறைவு. ஆயினும் அந்தச் சொல்லின் உண்மையான இயல்பை அறிய வினை வடிவத்தையே நாம் பற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் கருதுகிறேன். ஒருவர் விட்டுச்சென்ற தடத்தைக் கண்டு, அதை விட்டு விலகாமல் தொடர்ந்து செல்லுதல் என்னும் மிகப் பழைய கருத்து அந்த வினைக்குள் இன்றும் அழியாமல் இருக்கிறது.

முதலில் எழுத்தையும் ஒலியையும் பார்த்துவிடுவோம். எஸ், எல், இ, யூ, டி, எச் என்னும் ஆறு எழுத்துகளால் ஆன ஓரசைச் சொல் இது. நடுவில் ‘இ’, ‘யூ’ என இரண்டு உயிரெழுத்துகள் இருந்தாலும் அவை சேர்ந்து ‘ஊ’ என்ற ஒரே நெடிலாக ஒலிக்கின்றன. இறுதி ஒலி, ‘யூத்’, ‘ட்ரூத்’ ஆகிய சொற்களின் ஈற்றில் நாக்கு நுனி பல்லைத் தொட்டும் தொடாமலும் எழுப்பும் அதே ஒலிதான். இறந்த காலத்தில் ‘ஸ்லூத்டு’ என்றும், தொடர்வினையாகவும் தொழிற்பெயராகவும் ‘ஸ்லூத்திங்’ என்றும் அது உருமாறுகிறது. இவற்றுள் ‘ஸ்லூத்திங்’ என்ற வடிவமே எழுத்தில் அதிகம் காணக்கிடைக்கிறது.

இனிப் பொருள். மறைந்திருக்கும் ஓர் உண்மையை வெளிக்கொணர்வதற்காக, கிடைக்கும் சிறு அடையாளங்களைப் பற்றிக்கொண்டு, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எனத் தேடிச் செல்லுதலே இந்த வினையின் பொருள். தமிழில் ‘துப்புத் துலக்குதல்’ என்று சொன்னால் ஏறத்தாழப் பொருந்தும். ஆனால் அகராதி தரும் ஒற்றை வரிப் பொருளோடு நின்றுவிட்டால், இதே வட்டாரத்தில் உள்ள மற்ற வினைகளிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது என்பது தொடக்கநிலையில் உள்ளவர்களுக்குப் பிடிபடாது. ‘சால்வ்’ என்னும் வினை முடிவைக் குறிக்கிறது: புதிர் விடுபட்டுவிட்டது, விடை கிடைத்துவிட்டது என்பதே அதன் செய்தி. ‘டிடியூஸ்’ என்பது அறிந்த உண்மைகளிலிருந்து அறியாத ஒன்றைத் தருக்க முறையில் வருவித்தலைக் குறிக்கிறது. அதை நாற்காலியில் அமர்ந்தபடியே செய்யலாம். ‘இன்வெஸ்டிகேட்’ என்பது முறையான விசாரணை. காவல்துறை, நீதிமன்றம், அரசு ஆணையம் என ஏதேனும் ஒரு பொறுப்பும் அதிகாரமும் அதன் பின்னால் இருப்பதை நாம் எதிர்பார்க்கிறோம். ‘ஸ்லூத்’ என்பதோ தேடும் செயலையே குறிக்கிறது. விடை கிடைத்ததா இல்லையா என்பதை அது சொல்வதில்லை. தேடுபவருக்கு அதிகாரமும் தேவையில்லை. ஆர்வமும் பொறுமையும் இருந்தால் போதும். கணக்குப் புதிரை விடுவித்தவர் ‘ஸ்லூத்’ செய்தார் என்று எவரும் சொல்லமாட்டார்கள். பரணில் கிடைத்த ஒரு பழைய நிழற்படத்தின் பின்புறம் உள்ள நிழற்பட நிலையத்தின் முத்திரையைப் பார்த்து, அந்த நிலையம் எந்தத் தெருவில் எந்த ஆண்டுகளில் நடந்தது என்று தேடி, அதன் வழியாகப் படத்தில் இருப்பவர் யார் என்ற இடத்துக்கு வந்து சேர்பவரைப் பற்றி அப்படித் தாராளமாகச் சொல்லலாம்.

இந்த வேறுபாடு தற்செயலானதல்ல என்பதைச் சொல்லின் பிறப்பு காட்டுகிறது.

எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வடகடல் வழியாக இங்கிலாந்தின் மீது படையெடுத்த ஸ்காண்டிநேவிய மக்கள், அடுத்துவந்த தலைமுறைகளில் அந்நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் பெருந்தொகையாகக் குடியேறினார்கள். அவர்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழியிலிருந்து அன்றாடப் புழக்கத்துக்குரிய பல சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்தன. சட்டத்தைக் குறிக்கும் ‘லா’, வானத்தைக் குறிக்கும் ‘ஸ்கை’, முட்டையைக் குறிக்கும் ‘எக்’, சாளரத்தைக் குறிக்கும் ‘விண்டோ’ ஆகியவை எல்லாம் அவ்வாறு வந்தவையே. அவற்றோடு வந்த இன்னொரு சொல் ‘ஸ்லோத்’. மனிதரோ விலங்கோ நடந்து சென்றபின் நிலத்தில் எஞ்சும் தடம் என்பது அதன் பொருள். ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் அது ஆங்கில எழுத்தில் பதிவாகியிருக்கிறது. அன்று அது வெறும் பெயர்ச்சொல். துப்பறிவதோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. நோர்ஸ் மொழியின் நேரடி வழித்தோன்றலான ஐஸ்லாந்து மொழியில் அந்தச் சொல் இன்றும் தடம் என்ற பொருளிலேயே வழங்குகிறது என்பதும், இணைய முகவரியைக் குறிக்க அம்மக்கள் அதனோடு வலை என்னும் சொல்லைச் சேர்த்து ‘வெவ்ஸ்லோத்’ என்று ஒரு கூட்டுச்சொல்லை ஆக்கிக்கொண்டார்கள் என்பதும் எனக்கு மிகவும் பிடித்த செய்திகள்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் தனியாக நெடுங்காலம் வாழவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டுக்குப் பிறகு அது அரிதாகிவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு நாயின் பெயரில் அது இடம்பிடித்திருந்தது. தடத்தின் மோப்பம் பிடித்துத் துரத்தும் வேட்டை நாயை ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் ‘ஸ்லூத்-ஹவுண்ட்’ என்று அழைத்தார்கள். ‘ஹவுண்ட்’ என்றால் வேட்டை நாய். ஆக, ‘தட நாய்’ என்பதே அப்பெயரின் நேர்ப்பொருள். இன்று ‘பிளட்ஹவுண்ட்’ என்று அறியப்படும், நீண்ட காதுகளும் தொங்கும் முகத் தோலும் கொண்ட நாய் வகைக்கு நெருங்கியது அது. மனித உடலிலிருந்து தோலின் நுண்ணிய துகள்கள் இடைவிடாமல் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் வாசனை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. பலர் நடந்து சென்ற பாதையிலும், தனக்கு அறிமுகப்படுத்தப்பட்ட ஒருவரின் வாசனையை மட்டும் பிரித்தறிந்து, மணிக்கணக்கான இடைவெளிக்குப் பிறகும் பின்தொடர்ந்து செல்லும் ஆற்றல் இந்த நாய்களுக்கு உண்டு.

அந்த ஆற்றலுக்கு இலக்கியச் சான்று ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் சமயப் பதவி வகித்த ஜான் பார்பர் என்பவர், மன்னர் ராபர்ட் புரூஸின் வாழ்க்கையை 1375ஆம் ஆண்டளவில் ‘தி புரூஸ்’ என்னும் நெடும்பாட்டாக எழுதினார். 1306இல் முடிசூடிய புரூஸ், அடுத்த ஆண்டு ஆங்கிலேயப் படைகளாலும் தம் சொந்த நாட்டுப் பகைவர்களாலும் வேட்டையாடப்பட்டுக் காடுகளில் ஒளிந்து திரிந்தார். அவரால் கொல்லப்பட்ட காமின் என்பவரின் உறவினரான ஜான் ஆஃப் லோர்ன் பழிவாங்கத் துடித்துக்கொண்டிருந்தார். லோர்னிடம் ஒரு ஸ்லூத்-ஹவுண்ட் இருந்தது. அந்த நாய் ஒரு காலத்தில் புரூஸிடமே வளர்ந்தது என்றும், அவர் தம் கையாலேயே அதற்கு உணவூட்டியவர் என்றும் பார்பர் பாடுகிறார். அன்பு காட்டி வளர்த்தவரின் வாசனையை அது மறக்கவில்லை. அந்த நினைவே அவரைக் காட்டிக்கொடுக்கும் கருவியாயிற்று. புரூஸ் தம் ஆட்களை மூன்று கூட்டங்களாகப் பிரித்து வெவ்வேறு திசைகளில் போகச் சொன்னார். நாய் மற்ற இரண்டு கூட்டங்களையும் விட்டுவிட்டு அவர் சென்ற வழியில் வந்தது. மீண்டும் பிரித்தார், மீண்டும் அவரையே அது பின்தொடர்ந்தது. இறுதியில் எல்லாரையும் சிதறிப்போகச் சொல்லிவிட்டு, தம்மோடு ஒரே தாய்ப்பால் உண்டு வளர்ந்த தோழர் ஒருவரை மட்டும் உடன் அழைத்துக்கொண்டு ஓடினார். அப்போதும் நாய் தடம் மாறவில்லை. எந்தக் கூட்டத்தில் மன்னர் இருக்கிறார் என்பதை, நாய் தேர்ந்தெடுத்த வழியைப் பார்த்தே லோர்ன் உறுதிசெய்துகொண்டார்.

களைத்துப்போன நிலையில் இருவரும் ஒரு சிற்றாற்றை அடைகிறார்கள். ஓர் அம்பு பாயும் தொலைவுக்கு நீரோட்டத்தினுள்ளேயே நடந்து சென்றால், நாயும் அதை நடத்திவருபவனும் தடத்தைத் தவறவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பதாக அங்கே ஒரு பேச்சு வருகிறது. அந்தச் சில வரிகளுக்குள்ளேயே ‘ஸ்லூத்-ஹவுண்ட்’ என்ற நாயின் பெயரும், தடம் என்ற பொருளில் ‘ஸ்லூத்’ என்ற தனிச்சொல்லும் அருகருகே நிற்கின்றன. ஒரு சொல்லின் இரண்டு பருவங்களை ஒரே இடத்தில் பார்க்கும் வாய்ப்பு சொல்லாராய்ச்சியில் அடிக்கடி கிடைப்பதில்லை. இருவரும் நீரில் இறங்கி நடந்தார்கள். கரையில் நாய் இங்குமங்கும் அலைந்து குழம்பியது. லோர்ன் திரும்பிப் போனார். புரூஸின் ஆள் ஒருவன் காட்டில் மறைந்திருந்து அம்பெய்து நாயைக் கொன்றதாக இன்னொரு கதை சொல்லப்படுகிறது என்பதையும் பார்பர் மறைக்காமல் குறித்துவைத்திருக்கிறார்.

அடுத்த நூற்றாண்டில் ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸைப் பற்றி எழுந்த நெடும்பாட்டிலும் இந்த நாய் வருகிறது. கொல்லப்பட்ட ஒருவனின் குருதி சிந்திய இடத்தில் அது நின்றுவிட, துரத்தல் அங்கேயே தடைப்படுகிறது. நீர் தடத்தை அழிக்கும், குருதி தடத்தைக் குழப்பும் என்பவை அன்றைய மக்கள் உறுதியாக நம்பிய செய்திகள்.

போர்க்களத்தைவிட எல்லைப்புற ஊர்களின் வாழ்க்கையில்தான் இந்த நாய்க்கு நிலையான வேலை இருந்தது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில், இரவோடு இரவாக வந்து ஆநிரை கவர்ந்துசெல்லும் கூட்டங்கள் நூற்றாண்டுக்கணக்கில் இயங்கின. பொருளைப் பறிகொடுத்தவர், நாய்களோடும் ஊதுகொம்போடும் கூச்சலிட்டவாறு எல்லையைத் தாண்டியும் கள்வரைப் பின்தொடரலாம் என்று எல்லைச் சட்டங்கள் அனுமதித்தன. ஈட்டி முனையில் எரியும் கரிமண் கட்டியைச் செருகிப் பிடித்தபடி செல்வது, தாம் கொள்ளையிட வரவில்லை, முறைப்படி தடம் தொடர்ந்து வருகிறோம் என்பதற்கான அடையாளமாக இருந்தது. தடம் தொடரும் நாயைத் தன் எல்லைக்குள் நுழைய விடாமல் தடுப்பவன் திருட்டுக்கு உடந்தையானவனாகக் கருதப்பட்டான். இரண்டு நாடுகளும் 1603இல் ஒரே மன்னரின் கீழ் வந்த பிறகும் திருட்டு ஓயாததால், எல்லைப்புற ஊர்கள் தங்கள் செலவில் இத்தகைய நாய்களை வளர்க்க வேண்டும் என்று 1616இல் ஆணை பிறப்பிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத சான்றைப் பின்பற்றிச் சென்று குற்றவாளியின் வாசலை அடைதல் என்னும் செயல், துப்பறியும் அலுவலர் என்று ஒருவர் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டதை இங்கே காண்கிறோம்.

நாயிலிருந்து மனிதருக்கு அந்தப் பெயர் தாவியது அமெரிக்காவில். லண்டன் மாநகரக் காவல்துறையில் சீருடை அணியாத துப்பறியும் பிரிவு 1842இல் ஏற்பட்டது. ‘டிடெக்டிவ்’ என்ற சொல்லே ஏறத்தாழ அந்த ஆண்டுகளில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஏறத்தாழ 1850இல் சிகாகோவில் ஆலன் பிங்கர்டன் தனியார் துப்பறியும் நிறுவனத்தைத் தொடங்கினார். புதிய தொழில் தோன்றியபோது, அதைச் செய்பவரின் விடாப்பிடியைக் காட்ட ஒரு சொல் தேவைப்பட்டது. 1840களின் இறுதியில் கூர்மையான துப்பறிவாளரை ‘ஸ்லூத்-ஹவுண்ட்’ என்று உருவகமாகச் சொல்லும் வழக்கம் எழுந்தது. தமிழிலும் ‘மோப்பம் பிடித்துவிட்டான்’ என்று மனிதரைப் பற்றிச் சொல்கிறோம் அல்லவா, அதே மனப்போக்குதான் அது.

அந்த நீண்ட பெயர் குறுகியதில் மலிவுவிலைக் கதை இதழ்களுக்குப் பெரும் பங்குண்டு. நியூயார்க்கில் ஜார்ஜ் மன்ரோ என்பவர் வெளியிட்ட ‘ஃபயர்சைட் கம்பேனியன்’ வார இதழில் 1872இல் ஒரு தொடர்கதை வந்தது. எழுதியவர் ஹார்லன் பேஜ் ஹால்சி. கதைத் தலைவனின் பெயர் ‘ஓல்ட் ஸ்லூத்’. முதியவர் வேடமிட்டுக் குற்றவாளிகளின் நடுவே உலவும் இளைஞன் அவன். நாய் என்னும் பின்பாதி உதிர்ந்து, ‘ஸ்லூத்’ மட்டுமே துப்பறிபவரைக் குறிக்கும் பெயராக நிலைபெற்றது இந்தக் காலத்தில்தான். கதைக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்ட போட்டிப் பதிப்பாளர்கள் ‘யங் ஸ்லூத்’ போன்ற பெயர்களில் தங்கள் தலைவர்களைப் படைத்தார்கள். அந்தச் சொல்லின் மீது தமக்கே உரிமை உண்டென்று மன்ரோ தொடுத்த வழக்கு நியூயார்க் மாநிலத்தின் உயர் நீதிமன்றங்கள் வரை சென்றது. வடக்கின் மாட்டுத் திருட்டுப் பாதைகளில் பிறந்து, மறதிக்குள் போய்க்கொண்டிருந்த ஒரு சொல்லுக்காகப் பதிப்பாளர்கள் நீதிமன்றம் ஏறினார்கள் என்றால், அது எவ்வளவு விலைபோகும் சொல்லாக மாறியிருந்தது என்பது விளங்கும்.

பிரிட்டனில் அந்தக் குறுக்கம் அத்தனை விரைவாக நிகழவில்லை. 1891இல் வெளிவந்த செந்தலையர் சங்கக் கதையில், இசை நிகழ்ச்சியில் கண்மூடி ரசித்துக்கொண்டிருக்கும் ஷெர்லாக் ஹோம்ஸைப் பார்க்கும் வாட்சன், இவரா அந்த ‘ஸ்லூத்-ஹவுண்ட்’ ஹோம்ஸ் என்று வியக்கிறார். அமெரிக்காவில் பின்பாதி உதிர்ந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆன பிறகும், லண்டனில் அந்தச் சொல் முழு வடிவத்தோடு இருந்ததற்கு இது ஒரு சான்று.

வினைச்சொல் இதற்கெல்லாம் கடைசியாகத்தான் பிறந்தது. துப்பறிபவரைப் போல் செயல்படுதல் என்ற பொருளில் ‘ஸ்லூத்’ என்னும் வினை இருபதாம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளிலிருந்து அச்சில் காணப்படுகிறது. ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லை எந்த விகுதியும் சேர்க்காமல் அப்படியே வினையாக ஆக்கிக்கொள்ளலாம். விலங்குப் பெயர்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள்: நாயைக் குறிக்கும் ‘டாக்’ வினையாகும்போது விடாமல் பின்தொடர்தல் என்றாகிறது, ‘ஹவுண்ட்’ வினையாகும்போது துரத்தித் தொல்லைப்படுத்துதல் என்றாகிறது, வளைக்குள் புகுந்து முயலை வெளியேற்றும் சிறு விலங்கான ‘ஃபெரெட்’ வினையாகும்போது ஒளிந்துகிடப்பதைத் தோண்டி வெளியே எடுத்தல் என்றாகிறது. ஸ்லூத்தும் அதே வழியில் சென்றது. தடம், தடம் தொடரும் நாய், நாயைப் போன்ற மனிதர், அந்த மனிதர் செய்யும் செயல் என ஏழு நூற்றாண்டுகளில் அது நான்கு நிலைகளைக் கடந்திருக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் பொருள் மாறினாலும், தொடர்ந்து செல்லுதல் என்னும் அசைவு மட்டும் மாறவில்லை.

அந்த அசைவு எப்படி இருக்கும் என்பதைக் காட்ட, இந்த வினை பிறப்பதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு தேடலைச் சொல்ல விரும்புகிறேன். குற்றக் கதையைவிட இது பொருத்தமானது. இங்கே துப்புத் துலக்கியவர் ஒரு மருத்துவர். 1854 ஆகஸ்ட் மாத இறுதியில் லண்டன் சோஹோ பகுதியில் வாந்திபேதி என்னும் காலரா வெடித்தது. பத்து நாட்களில் ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அழுகல் நாற்றம் கலந்த காற்றால் அந்நோய் பரவுகிறது என்பதே அன்றைய பெரும்பாலான மருத்துவர்களின் கருத்து. குடிநீரின் வழியாகப் பரவுகிறது என்று கருதியவர் ஜான் ஸ்னோ. அவர் இறப்புப் பதிவுகளை வாங்கி, ஒவ்வோர் இறப்பும் நேர்ந்த வீட்டைத் தேடிப் போனார். ஏறத்தாழ எல்லா வீடுகளும் பிராட் தெருவில் இருந்த பொதுக் குழாயைச் சுற்றியே இருந்தன. பத்து இறப்புகள் மட்டும் வேறொரு குழாய்க்கு அருகில் உள்ள வீடுகளில் நேர்ந்திருந்தன. சாதாரணமாக ஆராய்பவர் இவற்றை விதிவிலக்கு என்று ஒதுக்கியிருப்பார். ஸ்னோ அந்தக் குடும்பங்களிடம் கேட்டார். அவற்றுள் ஐந்து குடும்பங்கள், பிராட் தெருத் தண்ணீரே நன்றாக இருக்கிறதென்று அதையே வழக்கமாக எடுத்துவரச் செய்தவை. மேலும் மூவர் அந்தக் குழாய்க்கு அருகில் இருந்த பள்ளியில் படித்த குழந்தைகள்.

எதிர்த்திசையிலும் அவர் தேடினார். குழாய்க்கு மிக அருகிலேயே இருந்த ஆதரவற்றோர் இல்லத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் தங்கியிருந்தும் ஐவரே இறந்திருந்தார்கள். அந்த இல்லத்துக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவில் இருந்த மதுவடிப்பாலைத் தொழிலாளர்கள் எழுபதுக்கும் மேற்பட்டவர்களுள் எவரும் இறக்கவில்லை. தங்களுக்கு அளிக்கப்பட்ட மதுவையே குடித்துவந்த அவர்கள் தெருக் குழாயைத் தொடவில்லை. எல்லாவற்றையும்விட வியப்பூட்டுவது, சோஹோவிலிருந்து சில மைல் தொலைவில் ஹாம்ஸ்டெட் என்னும் இடத்தில் ஒரு முதிய பெண் இறந்த நிகழ்ச்சி. அங்கே வேறு எவருக்கும் நோய் இல்லை. ஸ்னோ அந்தப் பெண்ணின் மகனிடம் விசாரித்தபோது, முன்பு பிராட் தெருப் பகுதியில் வாழ்ந்த அவர் அந்தத் தண்ணீரின் சுவையை விரும்பி, நாள்தோறும் வண்டியில் ஒரு புட்டி வரவழைத்துக் குடித்துவந்தது தெரிந்தது. அவரைப் பார்க்க வந்து அதே நீரைக் குடித்த உறவுக்காரப் பெண்ணும் இஸ்லிங்டனில் உள்ள தம் வீட்டுக்குத் திரும்பிய பின் இறந்திருந்தார். செப்டம்பர் 8ஆம் நாள் அந்தக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. வீடு வீடாகக் கேட்டல், பொருந்தாத ஒன்றை விடாமல் பற்றிக்கொள்ளல், அது இட்டுச்செல்லும் இடத்துக்கே நேரில் செல்லுதல்: ஸ்லூத் என்னும் வினை குறிப்பது இந்தச் செயலைத்தான். நோய்த் தொற்றின் மூலத்தைத் தேடுபவர்களை ஆங்கில இதழ்கள் ‘மெடிக்கல் ஸ்லூத்’ என்று அழைப்பதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை.

இங்கே இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். அதிகாரமுள்ள விசாரணை என்று மேலே நான் சொன்ன ‘இன்வெஸ்டிகேட்’ என்னும் சொல்லின் வேரும் தடத்தில்தான் இருக்கிறது. லத்தீனில் ‘வெஸ்டிஜியம்’ என்றால் கால்தடம். தடத்தைத் தேடிச் செல்லுதலே அந்த வினையின் முதற்பொருள். ஒரே கருத்து லத்தீன் வழியாக வந்தபோது அலுவலக உடை அணிந்துகொண்டது. நோர்ஸ் வழியாக வந்தபோது மண்ணையும் நாயையும் விட்டு விலகவில்லை. மானின் குளம்புத் தடத்தைக் குறிக்க ஆங்கில வேட்டைக்காரர்கள் வழங்கும் ‘ஸ்லாட்’ என்ற சொல்லும், பழைய பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்த அதே நோர்ஸ் சொல்லாக இருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

தொடக்கநிலையில் உள்ளவர்கள் ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். ஆங்கிலத்தில் கரடிக் கூட்டத்தை ‘எ ஸ்லூத் ஆஃப் பேர்ஸ்’ என்று சொல்லும் அரிய வழக்கு உண்டு. கரடிகள் மோப்பம் பிடிப்பதால் அப்படிப் பெயர் வந்ததென்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது வேறு சொல். சோம்பலைக் குறிக்கும் ‘ஸ்லாத்’ என்பதன் பழைய வடிவம் அது. 1486இல் அச்சான ஒரு வேட்டை நூலின் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. எழுத்து ஒன்றாகிப்போன இரண்டு தனிச் சொற்கள் அவை.

பயன்பாட்டைப் பொறுத்தவரை, இந்த வினை பெரும்பாலும் செயப்படுபொருள் இல்லாமல் வருகிறது. ஒருவர் ஒரு குற்றத்தை ‘ஸ்லூத்’ செய்தார் என்பதைவிட, ஒரு குற்றம் தொடர்பாக ‘ஸ்லூத்’ செய்தார் என்பதே இயல்பான அமைப்பு. அங்கும் இங்கும் தேடியதைக் காட்ட ‘அரவுண்ட்’ என்பதையும், தேடி வெளிக்கொணர்ந்ததைக் காட்ட ‘அவுட்’ என்பதையும் சேர்ப்பார்கள். ‘அவுட்’ சேரும்போது செயப்படுபொருளும் உடன் வரும். தொனியில் சற்று இலேசானது என்பதால், நீதிமன்ற ஆவணத்திலோ காவல்துறை அறிக்கையிலோ இதை எழுதுவது பொருந்தாது. கொலையுண்டவரின் குடும்பத்தாருக்கு எழுதும் கடிதத்திலும் தவிர்ப்பதே நாகரிகம். பழைய ஆவணங்களைத் தேடுபவர், குடும்ப மரபைத் தேடுபவர், கையெழுத்துப் படியின் ஆசிரியர் யார் என்று தேடுபவர், இணையத்தில் ஒரு படம் எங்கே எடுக்கப்பட்டது என்று சரிபார்ப்பவர் ஆகியோரைப் பற்றி எழுதும்போது இது மிக அழகாகப் பொருந்துகிறது.

தமிழில் பெயர்க்கும்போது, கதைகளில் ‘துப்பறிந்தான்’ என்றோ ‘துப்புத் துலக்கினாள்’ என்றோ எழுதலாம். ஆவணத் தேடல் போன்ற இடங்களில் அது மிகையாக ஒலிக்கும் என்று தோன்றினால், ‘தடம் பற்றித் தேடினார்’ என்பது மூலப்பொருளுக்கு மிக அருகில் நிற்கும். ‘புலனாய்வு செய்தார்’ என்று எழுதினால் அரசு அமைப்பின் சாயல் வந்துவிடும். அந்தச் சொல்லை ‘இன்வெஸ்டிகேட்’ என்பதற்கென விட்டுவைப்பது நல்லது.